இடம் மாறினால் எழுதி வைக்கும் அக்கா

‘மீன் வாங்கப் போயிருக்கேன். காசிமேடு. வெயில் ஏறுறதுக்குள்ள வந்துடுவேன்.’

காலடிப்பேட்டையில் எங்கள் தெருமுனைக் கடையின் ஷட்டரில் சாக்பீஸால் இப்படி எழுதியிருக்கும். இன்னொரு நாள், ‘தங்கச்சி வூட்ல கீறேன். பச்ச கேட்டு. நாய் கடிக்காது.’ ஒருநாள் வெறுமனே, ‘பின்னாடி கீறேன், கத்துங்க.’ கடைக்குப் பின்னால் கழிப்பறையைத் தவிர வேறொன்றும் கிடையாது என்பது தெருவுக்கே தெரியும்.

எம்ப்ராய்டரி அக்கா. சொந்தப் பெயர் எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முன்னறையை அடைத்துக்கொண்டு நிற்கும் ஒரு கம்ப்யூட்டர் தையல் மெஷின், அதற்குப் பக்கத்தில் மஞ்சள் பூத்த ஒரு பழைய கம்ப்யூட்டர், சுவர் முழுக்க நூல்கண்டுகள், இவ்வளவுதான் கடை. பள்ளிக்கூட பேட்ஜ், கல்யாண ஜாக்கெட், கம்பெனிச் சட்டையின் பாக்கெட் மேல் பெயர் என்று எல்லாம் அங்கே பூக்கும். சட்டையில் பெயர் போடுவதுதான் அக்காவுக்கு இஷ்டமான வேலை. “பேரு பாக்கெட் மேல இருந்தா எவனும் ‘ஏய்’னு கூப்ட மாட்டான், பாத்துக்கோ” என்பாள். நைட்டியின் மேல் போட்ட துண்டில் எப்போதும் வண்ண வண்ணமாக நூல் துணுக்குகள் ஒட்டியிருக்கும். கொண்டையில் பென்சில் செருகுவதுபோல் ஒரு சாக்பீஸ்.

அந்தச் சாக்பீஸ்தான் அக்கா. எங்கே போனாலும் எழுதி வைப்பாள். போன இடத்திலிருந்து வேறெங்காவது போக நேர்ந்தால் டீக்கடை அண்ணனுக்கு போன் வரும்.

“அண்ணே, காசிமேட்ட அழிச்சிட்டு ஆஸ்பத்திரினு எய்துண்ணே. மாமியாருக்கு மூச்சு வாங்குது.”

“இன்னா அக்கா, நான் டீ ஆத்தவா, உனக்கு பி.ஏ. வேல பாக்கவா?”

“ரெண்டும் பண்ணுண்ணே. அப்பால, ‘பயப்பட ஒண்ணும் இல்ல’னு கீய எய்து. வர்றவங்க பதறப் போறாங்க.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே வந்து எழுதுவார். எழுத்துப்பிழையோடு எழுதினால் அக்கா திரும்பி வந்ததும் சண்டை வேறு.

கடைக்குள்ளும் இதே கதைதான். கத்தரிக்கோல் ஆணியில் தொங்கவேண்டியது. அதை மெஷின் பக்கம் எடுத்துப்போனால், ஆணியில் ஒரு துண்டுக் காகிதம் குத்தியிருக்கும்: ‘கத்தரி மெஷினாண்ட.’ கடையில் இருப்பதோ அக்கா ஒருத்திதான். யாருக்காக இது என்று கேட்டேன்.

“நாளிக்குக் காலில ஒருத்தி வருவா பாரு, அவளுக்கு. அவ பெரிய மறதிக்காரி.”

“அது நீதானக்கா.”

“அதான் சொல்றேன். எனக்கு அவளப் பத்தித் தெரியும்.”

சாலையைத் தோண்டிய காலத்தில் எங்கள் பஸ் ஸ்டாப்பை யாருக்கும் சொல்லாமல் கொள்ளாமல் வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். காலை ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் பழைய கம்பத்தடியில் நின்று, கண்ணெதிரே பஸ் தாண்டிப் போவதைப் பார்த்துக் கத்தினார்கள். அக்கா ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கம்பத்தில் பெயிண்டால் எழுதினாள்: ‘பஸ் இங்க நிக்காது. பேங்க் வாசல்ல நிக்கிது. ஓடுங்க.’ அந்த ‘ஓடுங்க’வைப் படித்துவிட்டு உண்மையாகவே எல்லோரும் ஓடினார்கள். பெரிய பெரிய வேலை செய்கிறவர்கள் இந்தச் சின்னதைச் செய்யாமல் போனதுதான் அக்காவுக்கு ஆறவில்லை. “எடத்த மாத்து, வேணான்னு சொல்லல. பழைய எடத்துல ஒரு வார்த்த சொல்ட்டுப் போறதுக்கு இன்னா கேடு?”

இந்தக் குணத்தால் அடிபட்டவர்களும் உண்டு. பக்கத்துக் கடையில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த பாய் எம்.கே.பி. நகருக்கு வீட்டையும் கடையையும் மாற்றிக்கொண்டு போனார். போகும்போது முகவரியை அக்காவிடம் மட்டும் கொடுத்துவிட்டுப் போனார். பெரிய தப்பு. அவரைத் தேடிவந்த எல்லோருக்கும் பஸ் நம்பர், இறங்கும் இடம், எதிரில் இருக்கும் பிரியாணிக் கடை, எத்தனையாவது மாடி என்று படம் வரைந்து அனுப்பினாள். ரம்ஜானுக்கு இனிப்போடு வந்த பாய் வாசலிலேயே நின்று ஆரம்பித்தார்.

“இன்னா அக்கா, நீ பண்ணது நாயமா? என் மச்சான் வந்து எறங்கிட்டான்!”

“நல்லதுதான? பாவம், இங்க வந்து உன்னக் காணாம முழிச்சிகினு நின்னான்.”

“நான் வூடு மாத்தினதே அவனுக்கோசரம்தான்க்கா! படுக்கையோட வந்துகீறான். எப்ப போவேன்னு கேட்டா, ‘ஏரியா ஷோக்கா கீது மாமு’ன்றான்.”

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. “அதுக்காவ, தேடி வந்தவன அப்படியே நிக்க வெச்சிட முடியுமா பாய்?” என்றாள். பாய் இனிப்பு டப்பாவை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

ஏன் இப்படி என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். டீக்கடை அண்ணனிடம், “கஸ்டமர் திரும்பிப் பூட்டா நீயா சோறு போடுவ?” என் அம்மாவிடம், “நான் வேல பாத்த எக்ஸ்போர்ட் கம்பெனில பாத்ரூம் போவணும்னா கூட டோக்கன் வாங்கணும். எங்க போறேன்னு ஒருத்தன்கிட்ட சொல்லணும். இப்ப நானே சொல்றேன், ஊருக்கே சொல்றேன், எவன் கேக்கறது?” என்னிடம் மட்டும், “நீ கம்ப்யூட்டரு படிக்கிற பொண்ணு, உனக்குச் சொன்னா புரியாது.”

நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. தெருவில் எந்த வீட்டுக் கம்ப்யூட்டர் இருமினாலும் முதல் ஆளாகப் போய் நிற்பேன். கூப்பிடாத வீட்டுக்கும் போயிருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கதவைத் திறந்தால், எங்கள் வீட்டு வாசல்படியிலேயே சாக்பீஸ் எழுத்து: ‘கம்ப்யூட்டர் பொண்ணு எய்ந்ததும் கடைக்கு வரவும். அவசரம். டிபன் இங்க துன்னலாம்.’

அந்த வாரம் எண்ணூர்ப் பக்கத்துக் கம்பெனி ஒன்றிலிருந்து சட்டைகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியிருந்தன. எல்லாவற்றிலும் பாக்கெட் மேல் பெயர் போட வேண்டும். மறுநாள் காலை வண்டி வந்துவிடும். ஒழுங்காகக் கொடுத்தால் இனி அந்தக் கம்பெனி வேலை மொத்தமும் அக்காவுக்கு. கொடுக்க முடியாவிட்டால் கடையைத் தாங்க முடியாது, திரும்பவும் அந்த டோக்கன் கம்பெனியில் போய் நிற்க வேண்டியதுதான். அக்கா அதை என்னிடம் ஒரே வரியில் சொன்னாள்: “இது ஓடலனா நாளைலேந்து நான் மறுபடி பர்மிசன் கேட்டு ஒண்ணுக்குப் போற பொம்பள.”

ஓடவில்லை. முந்தின நாளே மக்கர் ஆரம்பித்திருக்கிறது. பெயரை டைப் அடித்தால் அதைத் தையலாக மாற்றித் தருகிற ஒரு புரோகிராம் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது. பழங்காலத்துச் சரக்கு. செய்த வேலையைத் தன் ஃபோல்டருக்குள்ளேயேதான் சேமிக்கும், வேறெங்கும் வைக்கத் தெரியாது. அது இருந்த சி டிரைவ் நிரம்பிப் பட்டை சிவப்பாகிவிட்டது. ஒரு இனிஷியலைக்கூட சேமிக்க இடமில்லை என்றது. அக்கா யாரிடமோ கேட்டிருக்கிறாள். “சி-ல எடம் இல்லனா இன்னா, டி டிரைவு மைதானம் மாதிரி காலியா கெடக்குது, அங்க மாத்திக்கோ” என்று சொல்லியிருக்கிறார்கள்.

வீடு மாற்றுவதில் அக்காவுக்கு என்ன தயக்கம்? புரோகிராமின் ஃபோல்டரை கட் செய்தாள். டி-யில் பேஸ்ட் செய்தாள். நடுவில் அது கேட்ட கேள்விக்கெல்லாம் ஆமாம் ஆமாம் என்று அழுத்தினாள். எல்லாம் போய் இறங்கியதும், வீட்டுக்குப் போய் நிம்மதியாகப் படுத்துவிட்டாள்.

நான் போனபோது மெஷின் பக்கத்தில் சட்டைகள் மடித்தபடி இருந்தன. அக்கா திரையில் இருந்த ஐகானைத் தட்டிக் காட்டினாள். இந்த ஐகான் எதைக் காட்டுகிறதோ அது மாற்றப்பட்டோ நகர்த்தப்பட்டோ விட்டது என்று விண்டோஸ் ஆங்கிலத்தில் சொன்னது. அர்த்தம் சொன்னேன்.

“பாத்தியாமே! நவுந்து பூச்சினு அதுக்கே தெரியுது. தெரிஞ்சிகினே போவ மாட்டேன்னு குந்திகினு கீது. இன்னா திமிரு!”

டி டிரைவுக்குள் போய் நேராகத் திறந்து பார்த்தேன். திறந்தது. உடனே எழுத்து வடிவங்களைக் காணோம், நூல் வண்ணங்களைக் காணோம் என்று புலம்பிவிட்டுத் தானாகவே மூடிக்கொண்டது.

“அக்கா, இது முதல்முதலா உள்ள வந்தப்பவே, ‘என் சாமான் எல்லாம் சி டிரைவ்ல இன்ன எடத்துல இருக்கு’ன்னு அங்கங்க குறிச்சு வெச்சிடும். இப்ப சாமானத் தூக்கி டி-ல போட்டாலும், இது பழைய வீட்லயே போய் கதவத் தட்டுது.”

“நான்தான் சொல்ட்டுப் போனேனே!”

“யாருகிட்ட?”

“பழைய எடத்துலதான். உள்ள போய்ப் பாரு.”

சி டிரைவில் புரோகிராம்கள் குடியிருக்கும் இடத்தைத் திறந்தேன். வரிசையில் புதிதாக ஒரு காலி ஃபோல்டர். அதன் பெயரே ஒரு அறிவிப்பு. ஆங்கில எழுத்தில் தமிழ்: ‘தையல் புரோகிராம் டி டிரைவுக்கு மாறி விட்டது. அங்கே பார்க்கவும்.’ கடைசியில் அக்காவின் போன் நம்பர்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூட்டைமேல் சாய்ந்துவிட்டேன்.

“இன்னாத்துக்கு இளிக்கிற? தேடி வர்றவன் படிச்சிட்டுப் போவ மாட்டானா?”

“போன் நம்பர் எதுக்குக்கா?”

“வழி தெரியலனா கேக்கட்டும்னுதான்.”

முதலில், எல்லாவற்றையும் பழையபடி சி-க்கே கொண்டுபோய்விடலாம் என்று பார்த்தேன். குறைந்தபட்சம் திறக்கவாவது செய்யும், அப்புறம் வேறு எதையாவது அழித்து இடம் பண்ணலாம். முடியவில்லை. அக்கா காலி செய்த இடத்தில், யாரும் பார்க்காத நேரத்தில் விண்டோஸ் அப்டேட் வந்து உட்கார்ந்திருந்தது. மறுபடியும் சிவப்புப் பட்டை. “காலி மனைய வுட்டா குடிச போட்டுடுவானுங்களே, அந்த மாரியா?” என்றாள். அதே மாதிரிதான்.

புதிதாகப் போட்டுக்கொள்ளவும் வழியில்லை. புரோகிராமின் சி.டி. யாரிடமும் இல்லை. மெஷினோடு அதைப் போட்டுக் கொடுத்தவர் துபாய்க்குப் போய்விட்டார்.

“நம்பர் ஏதாவது?”

“சொல்லாம பூட்டான்மே” என்றாள் அக்கா. அவள் வாயில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது.

அப்போது அவள் போன் அடித்தது. எண்ணூர் கம்பெனியின் ஸ்டோர்காரர். “இன்னா மேடம், சட்ட ரெடி ஆயிடுச்சா? காலில வண்டி வந்துடும்.”

அக்கா ஓடாத மெஷினைப் பார்த்தாள். “நடந்துகினே கீது சார். முக்காவாசி முடிஞ்சிடிச்சி.”

போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நூல்கண்டுகளை வரிசைப்படுத்த ஆரம்பித்தாள். ஊருக்கே உள்ளதை உள்ளபடி எழுதி ஒட்டுகிறவள் பொய் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். வரிசையாக இருந்த கண்டுகளையே எடுத்து, அதே வரிசையில் திரும்ப வைத்தாள்.

அந்த ஃபோல்டரின் பெயர் இன்னும் திரையில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பளிச்சென்றது. அக்கா செய்ததில் பாதி சரி. பழைய முகவரியில் தகவல் வைக்க வேண்டும், அதுதான் வழியே. ஆனால் மனிதர்கள் படிக்கிற தகவலாக வைத்துவிட்டாள். விண்டோஸுக்குப் புரிகிற மாதிரி வைத்தால் போதும்.

“அக்கா, பழைய எடத்துல பழைய பேர்லயே ஒரு கதவு மட்டும் வெக்கலாம். வீடு இருக்காது, வெறும் கதவுதான். ஆனா அதத் தொறந்தா உள்ள டி டிரைவ் இருக்கும்.”

“போர்டு மாதிரியா?”

“போர்டுனா படிச்சிட்டுத் திரும்பி நடக்கணும். இதுல நடக்க வேணாம். உள்ள காலெடுத்து வெச்சா அங்க இருப்போம்.”

“அப்டிலாம் கூட கீதா!” அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

கம்ப்யூட்டருக்கு நேரடியாக உத்தரவு அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து ஒரு வரி அடித்தேன். அனுமதி இல்லை என்றது. “பாத்தியா, இங்கியும் பர்மிசன்” என்றாள் அக்கா. நிர்வாகி உரிமையோடு மறுபடி திறந்தேன். இந்த முறை முகவரியில் ஒரு மேற்கோள்குறி விட்டுப்போய், புரியவில்லை என்றது. எழுத்தெழுத்தாக மறுபடி அடித்தேன். முதலில் பழைய முகவரி, பிறகு புது முகவரி. தட்டியதும், இதற்கும் அதற்கும் இணைப்பு போட்டாயிற்று என்று ஒற்றை வரி வந்தது. சி டிரைவில் அந்தப் பழைய பெயரோடு ஒரு ஃபோல்டர் முளைத்திருந்தது, ஓரத்தில் குட்டியாக வளைந்த அம்புக்குறியோடு. அக்காவின் அறிவிப்பு ஃபோல்டரை அழிக்கப் போனேன். “அது பாட்டுக்குக் கெடக்கட்டும்” என்று கையைத் தட்டிவிட்டாள்.

ஐகானை அக்காவையே தட்டச் சொன்னேன். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு தட்டினாள். நீல வட்டமாகச் சுழன்று கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு அந்தப் புரோகிராமின் முகப்பு, ஒரு பெரிய சிவப்பு ரோஜா, திரை நிறைய விரிந்தது. எழுத்து வடிவங்கள் வந்தன. நூல் வண்ணங்கள் வந்தன. பட்டியலின் முதல் பெயரை அடித்துச் சேமித்தாள். சேமித்தது.

நான் குதித்தேன். அக்கா குதிக்கவில்லை. ரோஜா இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப இது எங்க கீது?”

“டி டிரைவ்லக்கா.”

“அது அதுக்குத் தெரியுமா?”

“தெரியாது. பழைய வீட்லயே இருக்கோம்னுதான் நெனச்சிட்டிருக்கும். ஒவ்வொரு தடவையும் அங்கதான் போகும், கதவத் தொறக்கும், இங்க வந்துடும். நடுவுல இருக்கற தூரமே அதுக்குத் தெரியாது.” அவள் முகம் மாறியதைப் பார்த்து, குறை என்று நினைத்துவிட்டாளோ என்று அவசரமாகச் சேர்த்தேன்: “வேணும்னா சொல்லிடலாம்க்கா. நாளைக்கு வேல முடிஞ்சதும் வந்து, அது எங்கெங்க பழைய முகவரிய எழுதி வெச்சிருக்கோ எல்லாத்தையும் தேடி மாத்தி, புது வீட்ட அதுக்கே காட்டிடறேன். அதுதான் முறை.”

அக்கா முதல் சட்டையை எடுத்து, பாக்கெட்டுக்கு மேல் துணி சுருங்காமல் ஃப்ரேமில் இழுத்து மாட்டினாள். மாட்டிக்கொண்டே பேசினாள்.

“எங்க நைனா லாஞ்சுல மீன் புடிக்கப் போறவரு. போனா நாள் கணக்கா கடல்லதான். ஒருவாட்டி அவரு அங்க இருக்கசொல்ல, இங்க கடலு உள்ள பூந்து எங்க வூட்டு வரிசையயே இட்டுகினு பூச்சு. எங்கம்மா எங்களத் தூக்கிகினு பள்ளிக்கூடத்துக்கு ஓடிச்சு. அப்பால இங்க சித்தி வூட்டுக்கு. நைனா கரைக்கு வந்து, மீன் பையோட வூட்டுக்கு வருது. வூடு இல்ல. தண்ணிதான் கீது. ஆஸ்பத்திரிக்கு ஓடுது, அங்க இல்ல. மூலக்கொத்தளம் சுடுகாடு வரிக்கும் போயி, யாரயாச்சும் இட்டாந்தாங்களானு கேட்டுட்டு வந்துகீது. சாயங்காலம்தான் எங்களக் கண்டுபுட்ச்சுது. வந்ததும் எங்கம்மாவுக்கு வுட்டுது ஒண்ணு, பளார்னு. அப்பால அதே ஆளு மண்ல குந்திகினு அழுவுது. ‘ஒரு வார்த்த எய்தி வெச்சிட்டு வந்தா இன்னாடி’ன்னு.”

ஃப்ரேமின் திருகை இறுக்கினாள்.

“எதுல எய்துறது? செவுரே இல்லியே.”

வெளியே டீக்கடையில் யாரோ சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இங்க வாடகைக்கு வந்தப்புறமும் நைனா கடலுக்குப் போய்கினுதான் இருந்துச்சு. ஆனா திரும்பி வந்தா நேரா இங்க வராது. அந்த எடத்துக்குத்தான் போவும். இப்ப கடல் வராம கல்லு கொட்டி வெச்சிகீறாங்கல்ல, அங்க போயி கொஞ்ச நேரம் நிக்கும். அப்பாலதான் இங்க வரும். சாவற வரிக்கும் அப்டித்தான். சித்தப்பாலாம் கேலி பண்ணும், ‘இன்னாண்ணே, வூட்டு வழி மறந்துட்ச்சா’னு. எங்கம்மா மட்டும் ஒருநாள் கூடக் கேட்டதில்ல. அங்க போயி நின்னுட்டு வரட்டும்னு, சோத்த மூடி வெச்சிகினு குந்தினு இருக்கும்.”

ஃப்ரேமை மெஷினில் பொருத்தினாள். கறுப்பு நூல் ஊசியில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.

“நாளிக்கு வந்து அத்தயெல்லாம் மாத்த வேணாம்மே.”

“ஏன்க்கா, அதுக்குச் சொல்ல வேணாமா?”

“வேணாம். அது அங்க போயிட்டே வரட்டும்” என்று சொல்லிவிட்டு, அக்கா பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.